என் பெண்ணின் சோஷியல் பேப்பர்

எங்கள் பள்ளிக்கூடத்தில் சோஷியல் பீரியட் என்பது பொதுச்சொத்து. கணக்கு டீச்சருக்குப் போர்ஷன் முடியவில்லையா, சோஷியல் பீரியடை எடுத்துக்கொள்வார். ஆண்டு விழாவுக்கு டான்ஸ் பிராக்டிஸா, அதுவும் சோஷியலில்தான். கண் பரிசோதனைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வந்தால் பிள்ளைகள் வரிசையில் நிற்பதும் என் பீரியடில்தான். "ஹிஸ்டரி எங்க மேடம் ஓடிப்போகப் போகுது?" என்று சயின்ஸ் டீச்சர் ஒருமுறை ஸ்டாஃப் ரூமில் கேட்டார். "உங்க ஆசிட் மட்டும் எங்க ஓடிப்போகுது? பாட்டில்லதானே கெடக்கு?" என்றேன். அந்த வாரம் முழுக்க அவர் என் பக்கமே வரவில்லை.

என் வாய் அப்படி. எட்டாவதிலிருந்து பத்தாவது வரை நான்தான் சோஷியல். அல்சூர் ஏரியிலிருந்து நடந்து வரும் தூரத்தில் உள்ள இங்கிலீஷ் மீடியம் பள்ளி, கர்நாடகா ஸ்டேட் சிலபஸ். சோஷியல் என்று பேர்தான் ஒன்று. உள்ளே வரலாறு, அரசியல், சமூகவியல், புவியியல், பொருளாதாரம், வணிகம் என்று ஒரே வீட்டுக்குள் ஆறு குடித்தனம். இதை ஒருத்தியே நடத்த வேண்டும், அதையும் கடன் கேட்டு வருகிறவர்களிடமிருந்து காப்பாற்றி நடத்த வேண்டும். கத்தாமல் என்ன செய்வது? பிள்ளைகள் எனக்கு வைத்திருந்த பட்டப்பெயர் பட்டாசு. எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அந்தப் பெயர் பிடித்துத்தான் இருந்தது.

என் பெண்ணும் அதே பள்ளிதான். பத்தாவதில் என் வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தாள். டீச்சர்களின் பிள்ளைகள் கேட்டைத் தாண்டினால் எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஜோகுபாளையத்தில் வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு பேரும் சேர்ந்துதான் நடப்போம், வழியெல்லாம் அம்மா அம்மா என்று தொணதொணப்பாள். கேட்டுக்குள் காலை வைத்ததும் மிஸ். மற்றவர்களுக்கு ஒரு அதட்டல் என்றால் அவளுக்கு இரண்டு, அப்போதுதான் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். இன்னொரு வழக்கமும் உண்டு. சொந்தப் பிள்ளையின் பரீட்சைப் பேப்பரைத் தாயோ தகப்பனோ திருத்தக் கூடாது. அவளுடைய சோஷியல் பேப்பரை மட்டும் தனியாக எடுத்து, நான் பதில்கள் எழுதி வைத்த தாளோடு கன்னட டீச்சரிடம் கொடுத்துவிடுவேன். அவர் திருத்தி, "மேடம், உங்க மகளுக்கு உங்க கையெழுத்தேதான்" என்று சொல்லித் திருப்பித் தருவார்.

என் வீட்டுக்காரர் லிஃப்ட் சர்வீஸ் செய்கிற கம்பெனியில் சூப்பர்வைசர். ஊரில் புதிதாக எழும்பும் அப்பார்ட்மென்ட்களிலெல்லாம் ஏறி இறங்கிக்கொண்டே இருந்த மனுஷன். கிறிஸ்துமஸ் லீவுக்கு முந்தின வாரம், ஒரு மத்தியானம், ஆபீஸில் சாப்பிட உட்கார்ந்தவர் டிபன் பாக்ஸைத் திறந்த கையோடு அப்படியே சாய்ந்துவிட்டார்.

அந்த நேரத்தில் நான் பத்தாவதுக்கு வங்கிக் கணக்கின் வகைகளை நடத்திக்கொண்டிருந்தேன். சேமிப்புக் கணக்கு, நடப்புக் கணக்கு என்று போர்டில் கிளை கிளையாகப் போட்டிருந்தேன். எச்.எம். வாசலில் வந்து நின்றார். எங்கள் எச்.எம். வகுப்பு நடக்கும்போது எட்டிப் பார்க்கிறவர் இல்லை. "கொஞ்சம் வாம்மா வெளிய" என்றார். பிறகு என் பெண் உட்கார்ந்திருந்த பெஞ்சைப் பார்த்து, "நீயும் பேக் எடுத்துட்டு வா கண்ணு" என்றார். எனக்கு அந்த 'நீயும்' போதுமானதாக இருந்தது. டஸ்டரை எடுத்துப் போர்டைச் சுத்தமாகத் துடைத்தேன். அடுத்து வருகிற டீச்சருக்குப் போர்டைத் துடைத்து வைத்துவிட்டுப் போவது எங்கள் பள்ளியின் பழக்கம். என் பெண் வாசலில் பையோடு நின்று நான் துடைப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

நான் அழவில்லை. அழக்கூடாது என்றெல்லாம் ஒன்றும் இல்லை, வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் யாருடைய கன்னத்தையோ தொடுகிற மாதிரி இருக்குமே, உடம்பு முழுக்க அப்படி இருந்தது. சந்தாபுராவிலிருந்து வந்த நாத்தனார் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணி, அழுதுடுங்க அண்ணி. நெஞ்சுல வெச்சுக்காதீங்க" என்று சொல்லி அவள்தான் அழுதாள். "சரிம்மா" என்றேன். வந்தவர்கள் காபி குடித்த டம்ளர்களைப் பொறுக்கிக் கழுவி வைத்தேன். காரியம் முடிந்த அன்று ஹாலில் யாரோ, "கல்லு மாதிரி இருக்காளே" என்று சொன்னது காதில் விழுந்தது. என்னைத்தான் சொல்கிறார்கள் என்று புரிந்தது. அதற்கும் ஒன்றும் தோன்றவில்லை.

என் பெண்ணும் அழவில்லை. அதைக் கவனித்தேன். திடமான பெண் என்று நினைத்தேனா, இல்லை அதையும் சும்மா கவனித்து வைத்தேனா, இப்போது சொல்லத் தெரியவில்லை.

ஜனவரியில் பள்ளிக்குத் திரும்பினோம். பத்தாவதுக்கு ரிவிஷன் நேரம், வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது? முதல் நாளே சயின்ஸ் டீச்சர் தயங்கித் தயங்கி வந்தார். "மேடம், தப்பா நெனக்காதீங்க, இன்னிக்கி உங்க லாஸ்ட் பீரியட்..." என்று இழுத்தார். "எடுத்துக்கோங்க சார்" என்றேன். நான் வேறு ஏதாவது சொல்வேன் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு தாங்க்ஸ் கூடச் சொல்லாமல் போய்விட்டார். மறுநாள் கணக்கு டீச்சர் கேட்டார். அவருக்கும் கொடுத்தேன். அதற்கப்புறம் யாரும் கேட்கவில்லை. சும்மா கொடுத்தால் வாங்கிக்கொள்ள அவர்களுக்கும் ஒரு மாதிரி இருந்திருக்கும்.

வகுப்பில் பாடம் நடத்தினேன். ஒரு வரி விடாமல் நடத்தினேன். யாரையும் திட்டவில்லை. திட்டக் கூடாது என்று விரதமா இருந்தேன்? வாயைத் திறந்தால் பாடம்தான் வந்தது, வேறு எதுவும் வரவில்லை. பட்டாசு நமுத்துப்போய்விட்டது என்று பிள்ளைகள் பேசிக்கொண்டிருப்பார்கள்.

முதல் ப்ரிபரேட்டரி எக்ஸாம் முடிந்தது. பொதுத்தேர்வுக்கு முன்னால் ஒத்திகை பார்க்கிற பரீட்சை அது. வழக்கம்போல என் பெண்ணின் பேப்பரை எடுத்துக் கன்னட டீச்சரின் மேஜையில் வைத்தேன். அவர் சாயங்காலம் அதைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். தருமபுரி எல்லைப் பக்கம் வளர்ந்தவர், தமிழ் நன்றாகவே பேசுவார், பதறினால் மட்டும் கன்னடம் கலக்கும்.

"மேடம், இது பேறே... வேற யாரோட பேப்பரா இருக்குமா?" என்றார்.

"ஏன்? ரிஜிஸ்டர் நம்பர் அவளோடதுதானே?"

"ஹாகல்ல, அப்படி இல்ல மேடம், நீங்களே பாருங்க."

முதல் பக்கத்தில் பெயரும் நம்பரும் அழகாக எழுதியிருந்தாள். மார்ஜின் போட்டிருந்தாள். அடுத்த பக்கத்திலும் மார்ஜின் போட்டிருந்தாள். கடைசிவரைக்கும் மார்ஜின் மட்டும்தான். இந்தியா மேப்பைக்கூடத் தொடாமல் பின்னால் கட்டிக் கொடுத்திருந்தாள். கணக்கில் தொண்ணூற்றுக்கு மேல், சயின்ஸிலும் அப்படித்தான், கன்னடத்தில் வகுப்பிலேயே முதலாவது. சோஷியலில் முட்டை.

"பேஜார் பண்ணிக்காதீங்க மேடம். சின்னப் பொண்ணு. உங்க மேல ஏதோ கோபம்" என்றார் கன்னட டீச்சர்.

"கோபம்தான்" என்றேன். அப்படித்தான் எனக்கும் பட்டது. அப்பா சாய்ந்துவிட்டார் என்று சேதி வந்தபோது போர்டைத் துடைத்துக்கொண்டு நின்ற அம்மா மேல் கோபம் வராமல் என்ன செய்யும்? ஆனால் அதை நினைத்துப் பார்த்தும் எனக்குள் ஒன்றும் அசையவில்லை. பேப்பரை வாங்கிக் கட்டோடு வைத்தேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் கேட்டேன். "ஏன்டி எழுதல?"

"வரல."

"தெரியலயா?"

"தெரியும். வரல."

"சரி. பால் பாக்கெட் வாங்கணும், ஞாபகப்படுத்து" என்றேன். ஞாபகப்படுத்தினாள். வாங்கிக்கொண்டு போனோம்.

எச்.எம். மறுநாளே கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனுஷிதான், ஆனால் நூற்றுக்கு நூறு ரிசல்ட் என்று கேட் வாசலில் பேனர் கட்டாத வருஷம் அவருக்குத் தூக்கம் வராது. "சோஷியல் மிஸ் பொண்ணே சோஷியல்ல போச்சுன்னா பேரண்ட்ஸ் வாயால சிரிக்க மாட்டாங்கம்மா" என்றார். "உன் கஷ்டம் எனக்குத் தெரியாம இல்ல. ஆனா ஒரு சப்ஜெக்ட்ல போனா மொத்தமா ஃபெயில். அது திரும்ப எழுதி வர்றதுக்குள்ள லெவன்த்துக்கு நல்ல பி.யு. காலேஜ்ல எல்லாம் சீட் முடிஞ்சுடும். அவ்ளோ மார்க் எடுக்கற பொண்ணு, எங்கயோ கடைசி காலேஜ்ல போய் நிக்கணுமா?" கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஸ்பெஷல் கிளாஸ்ல போடு அவள" என்றார்.

ஸ்பெஷல் கிளாஸ் என்பது பள்ளி விட்ட பிறகு, தேறாது என்று தோன்றுகிற பிள்ளைகளை உட்கார வைத்து நடத்துவது. அங்கே முழுப் பாடம் கிடையாது. பாஸிங் பேக்கேஜ்தான். இதைப் படித்தால் பாஸ் மார்க் நிச்சயம், அதற்கு மேல் எதிர்பார்க்காதே என்று பொறுக்கியெடுத்து வைத்திருக்கும் சில கேள்விகள். மேப்பில் தவறாமல் வரும் இடங்கள், ஒரு மார்க் கேள்விகள், புயலுக்கு முன் செய்ய வேண்டியவை, வேலையின்மைக்குக் காரணங்கள், நுகர்வோர் என்பவர் யார். கர்நாடகாவில் எல்லா டீச்சரும் கையில் ஒரு பாஸிங் பேக்கேஜ் வைத்திருப்போம். நான் தயாரித்தது பக்கத்துப் பள்ளிகள் வரைக்கும் ஜெராக்ஸ் ஆகிப் போயிருக்கிறது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. என் பெண்ணை அந்தப் பெஞ்சில் உட்கார வைத்து அதை ஒப்பிக்க வைப்பேன் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

ஸ்பெஷல் கிளாஸில் ஈஜிபுராவிலிருந்து வரும் ஒரு பெண் இருந்தாள். அப்பா சென்ட்ரிங் வேலை, அம்மா இரண்டு வீட்டில் சமையல். வாயைத் தைத்தாலும் பேசுகிற பெண். முதல் நாள் அவளை எழுப்பி, "புயல் வரப்போகுதுன்னு தெரிஞ்சா மொதல்ல என்ன செய்யணும்?" என்று கேட்டேன்.

"ஸ்கூலுக்கு லீவு உட்டுடணும் மிஸ்" என்றாள்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. சிரித்துவிட்டு எல்லோரும் என்னையே பார்த்தார்கள். அடுத்து வெடிக்கும் என்று காத்துக்கொண்டிருந்தார்கள். போன வருஷமாக இருந்தால், "லீவு உட்டா நீ எங்கடி போவ, புயல் கூட ஊர் சுத்தவா?" என்று ஆரம்பித்துப் பீரியட் முடியும் வரைக்கும் விட்டிருக்க மாட்டேன். அவர்களும் அதற்காகத்தான் வாயைக் கொடுப்பார்கள். "தப்பு. உக்காரு. அடுத்த கேள்வி" என்றேன். சிரிப்பு பட்டென்று அடங்கிவிட்டது. என் பெண் தலையைக் குனிந்துகொண்டு ஸ்கேலால் மார்ஜின் போட்டுக்கொண்டிருந்தாள்.

இது நல்லதில்லை என்று எனக்கே தெரிந்தது. மறுவாரம் வேண்டுமென்றே திட்டிப் பார்த்தேன். அதே ஈஜிபுரா பெண்தான் மாட்டினாள். மும்பை எங்கே என்றால் ஒரிசா பக்கம் புள்ளி வைத்திருந்தாள். குரலை உயர்த்தி, "ஏய், அரபிக்கடலயே காணாம அடிச்சுட்டியா நீ?" என்று கத்தினேன். வார்த்தையெல்லாம் சரியாகத்தான் இருந்தது. அவள் எழுந்து நின்று என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"வேணாம் மிஸ்" என்றாள். "நீங்க சும்மனே திட்டறீங்க. நல்லா இல்ல மிஸ்."

போன வருஷமாக இருந்தால் எச்.எம். ரூமுக்கு அனுப்பும் விஷயம். நான் அவளை உட்காரச் சொல்லிவிட்டு மும்பையை நானே மேப்பில் வைத்துக் காட்டினேன்.

இரண்டாவது ப்ரிபரேட்டரியிலும் என் பெண் காலியாகத்தான் கொடுத்தாள். இந்தத் தடவை கன்னட டீச்சர் பேப்பரை என் மேஜையில் வைத்தார். என் தோளில் கையை வைத்துவிட்டுப் போனார். பொதுத்தேர்வுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. நாத்தனார் போனில், "உங்கள பழி வாங்கறா அண்ணி. கூட்டிட்டுப் போய் கோயில்ல ஒரு தடவ மந்திரிச்சுட்டு வாங்க" என்றாள். எச்.எம். கவுன்சிலரிடம் காட்டலாமா என்றார். எல்லோருக்கும் சரி சரி என்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மொட்டை மாடியில் முந்தின நாள் துணியை எடுத்துக்கொண்டிருந்தோம். வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. அவள் கிளிப்புகளைக் கழற்றிப் பக்கெட்டில் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"மா, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியே?"

"எனக்கு எங்கடி இப்பல்லாம் கோபம் வருது?"

"அதான்" என்றாள். பிறகு, "கொஸ்டின் பேப்பர் படிக்கறப்ப உன் குரல்லதான் கேக்குது எனக்கு. சின்னதுலேர்ந்தே சோஷியல்னா உன் குரல்தான். நீ கத்துவ, கிண்டல் பண்ணுவ, கூடவே ஆன்சரும் வந்துடும். இப்ப குரல் மட்டும் வருதுமா. உள்ள யாருமே இல்ல. பயமா இருக்கு. அதான் பேனாவ வெச்சுடறேன்" என்றாள்.

நான் கையிலிருந்த புடவையை மடித்துக்கொண்டே இருந்தேன்.

"என் மேல கோபம்னு எல்லாரும் சொல்றாங்க" என்றேன்.

"கோபம்லாம் இல்லமா. ஒண்ணுமே இல்ல. அப்பா போட்டோவ பாத்தாலும் ஒண்ணுமே வர மாட்டேங்குது. ஃப்ரெண்ட்ஸ்லாம் வந்து கட்டிப் புடிச்சு அழறாங்க, நான் அவங்களுக்கு டிஷ்யூ எடுத்துத் தரேன். நான் கெட்ட பொண்ணாமா?"

அவளைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். அப்படித்தான் எல்லா அம்மாவும் செய்வார்கள். எனக்குக் கை எழவில்லை. உள்ளதைச் சொன்னேன். "எனக்கும்தான்டி வரல."

"நெஜமாவா?"

"நெஜமா. நான் பண்றதெல்லாம் யாரோ பண்ற மாதிரி இருக்கு. எப்போ சரியாகும்னு கேக்காத, எனக்குத் தெரியாது."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "எனக்கு மட்டும்தான்னு நெனச்சேன்" என்றாள். பிறகு பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு படியிறங்கிப் போனாள். நான் மீதித் துணியை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். அன்றைக்கு மத்தியானம் இரண்டு பேரும் வயிறாரச் சாப்பிட்டோம் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

மறுநாள் கன்னட டீச்சரிடம் போய், "நீங்க ஒரு உதவி பண்ணணும். ஸ்பெஷல் கிளாஸ் சோஷியல நீங்க எடுங்க" என்றேன்.

"நானா? சோஷியலா? அய்யய்யோ, நானே அதுல ஜஸ்ட் பாஸ் மேடம்!"

"பாஸ் பண்ணிட்டீங்க இல்ல, அது போதும். எல்லாம் என் பேக்கேஜ்ல இருக்கு. படிச்சுக் காட்டினா சரி. என் பொண்ணுக்கு என் குரல்ல வேணாம்."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. "உங்க பீரியட ஒரு நிமிஷம் கேட்டா கடிக்க வர்ற ஆளு, நீங்களா வந்து குடுக்கறீங்க" என்று மட்டும் சொன்னார். சொல்லிவிட்டு அவருக்குக் கண் கலங்கியது. எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அதற்குப் பிறகு சாயங்காலங்களில் நான் ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்திருந்தேன். நடுவில் ஒரு சுவர்தான். நான் எழுதிய பதில்களை அவர் கன்னடத்து இழுப்போடு படிப்பதும், பிள்ளைகள் அதையே இழுத்துத் திருப்பிச் சொல்வதும் கேட்கும். நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்துவார். சில ஊர்ப் பெயர்களில் திணறுவார். ஈஜிபுரா பெண் ஏதோ சொல்ல, அவர் கன்னடத்திலேயே திட்ட, அந்த அறையே குலுங்கும். அந்தச் சத்தத்தில் என் பெண்ணின் குரலைத் தேடுவேன், கிடைக்காது. ஒருநாள் கன்னட டீச்சர் வெளியே வந்து, "உங்க மகள் இன்னிக்கி வாய திறந்து சொன்னா மேடம். நுகர்வோர் என்பவர் யார், அத மட்டும்" என்றார். உங்கள் சப்ஜெக்ட் இவ்வளவு நீளம் என்று தெரிந்திருந்தால் ஒத்துக்கொண்டிருக்கவே மாட்டேன் என்றும் சொன்னார்.

பொதுத்தேர்வுக்கு எங்கள் பிள்ளைகளுக்கு வேறொரு பள்ளியில் சென்டர். சோஷியல் பரீட்சை அன்றைக்குச் சோஷியல் டீச்சர்களுக்கு எங்கேயும் ஹால் டியூட்டி கிடையாது. அதனால் நான் மற்ற அம்மாக்களோடு அம்மாவாக கேட் வாசலில் நின்றேன். என் வகுப்புப் பிள்ளைகள் சும்மா விடுவார்களா? வட்டம் கட்டிக்கொண்டு, "மிஸ், லாஸ்ட் மினிட் ஏதாவது" என்றார்கள். "மொதல்ல மேப்பை முடிங்க. நம்பர் போட மறக்காதீங்க. எது தெரியுமோ அத மொதல்ல எழுதுங்க" என்று வருஷா வருஷம் சொல்வதைச் சொன்னேன். என் பெண் வட்டத்துக்கு வெளியே நின்று பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். மணி அடித்தது. திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

அவள் பாஸானாள். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். மற்ற பேப்பர்களிலெல்லாம் மார்க் கொட்டியிருந்தது, சோஷியலில் மட்டும் கரையேறியிருந்தாள். மே மாதம் ரிசல்ட் வந்தபோது, சோஷியல் டீச்சர் பெண்ணுக்குச் சோஷியலில் இவ்வளவுதானா என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. இன்னொரு தடவை எழுதி மார்க்கைக் கூட்டச் சொன்னவர்களும் உண்டு. நான் எழுத விடவில்லை. எங்கள் பள்ளிக் கேட் வாசலில் பேனர் கட்டியாகிவிட்டது, எச்.எம்.முக்கு அது போதும். கேட்ட காலேஜில் சீட்டும் கிடைத்துவிட்டது. ஆனால் அன்றைக்குக் கேட் வாசலில் நிற்கும்போது இதெல்லாம் எனக்குத் தெரியாது. உள்ளே ஒரு பெஞ்சில் உட்கார்ந்து அவள் மார்ஜின் மட்டும் போட்டுக்கொண்டிருப்பாள் என்றுதான் நினைத்தேன். நினைத்தும் பதற்றமில்லை. பக்கத்தில் ஒரு அம்மா ஜபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். எனக்கும் அப்படி ஏதாவது உருட்டத் தோன்றக் கூடாதா என்று இருந்தது.

பரீட்சை முடிந்து முதலில் ஓடி வந்தது ஈஜிபுரா பெண்தான். "மிஸ்! மும்பை வந்துச்சு மிஸ்! கரெக்டா கடலாண்ட வெச்சேன்!" என்று கையைப் பிடித்துக் குதித்தாள். பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து கேள்வித்தாளை நீட்டினார்கள். பார்த்தேன். பாஸிங் பேக்கேஜிலிருந்து நிறைய வந்திருந்தது. கூட்டம் கலைந்து, ஆட்டோக்களும் ஸ்கூட்டர்களும் போன பிறகுதான் என் பெண் வெளியே வந்தாள். கேள்வித்தாளைப் பைக்குள் வைத்துவிட்டிருந்தாள்.

நான் கேட்கவில்லை. அவளாகச் சொன்னாள்.

"எழுதினேன்மா. கன்னட மிஸ் சொல்லிக் குடுத்தத மட்டும் எழுதினேன். பாஸ் ஆயிடும்."

"மத்தது?"

"மத்ததெல்லாம் நீ சொல்லிக் குடுத்தது. அது வரல."

"பரவால்ல" என்றேன். நிஜமாகவே பரவாயில்லை என்றுதான் இருந்தது. "பேப்பர சீக்கிரம் குடுத்துட்டியா?"

"இல்ல. டைம் நெறைய இருந்துச்சு. சும்மா உக்காந்திருந்தேன்."

"அவ்ளோ நேரமா? என்னடி பண்ண?"

அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உதடு கோணியது. பிறந்ததிலிருந்து பார்க்கிற முகம், அது இப்படிக் கோணி எவ்வளவு நாளாகிவிட்டது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அப்பா செத்துட்டாருமா" என்றாள்.

எங்கள் வீட்டில் அதுவரைக்கும் யாரும் அதை அப்படி வாய்விட்டுச் சொல்லவில்லை. வந்தவர்கள் எல்லோரும் போயிட்டார், தவறிட்டார் என்றே சொல்லிவிட்டுப் போனார்கள். நாங்கள் இரண்டு பேரும் அதைக்கூடச் சொன்னதில்லை. அந்தப் பள்ளிக்கூடத்துக் காம்பவுண்டு சுவரோரம் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அவளும் பையோடு பக்கத்தில் உட்கார்ந்தாள். தொண்டையிலிருந்து எனக்கே தெரியாத ஒரு சத்தம் வந்தது. போகிற வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். பெண் ஃபெயிலாகிவிட்டாள் போல என்று நினைத்திருப்பார்கள்.

"ஆமாண்டி" என்றேன் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு. "செத்துட்டாருடி உங்கப்பா."